சேம அச்சு இல்லாத வண்டிகள்

சென்ற மாதக் கூடுகைக்கு நான் ஒரு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். சிறுகதை ஒன்றின் மீதான விவாதம் பாதியைக் கடந்திருந்தது. தேநீர் இடைவேளையில் காரணம் கேட்டார்கள். உள்ளதைச் சொன்னேன். என் மருமகனின் ரிமோட் லாரியில் பல்சக்கரம் போய்விட்டது. திண்டுக்கல்லில் ஒரு லேத்துப் பட்டறையில் புதிதாக வெட்டக் கொடுத்துவிட்டு, நிலக்கோட்டைப் பேருந்தைப் பிடித்து நேரே வருகிறேன் என்றேன். சிரித்தார்கள். சிரிப்பில் எனக்கு வருத்தமில்லை. நான் பெரிதும் மதிக்கும் நண்பர் ஒருவர், எங்களில் மிக விரிவாக வாசித்தவர், சிரிக்காமல் சொன்னதுதான் என்னைத் தைத்தது.

"அது நுகர்வுப் பண்பாட்டின் குப்பை. குப்பையைக் குப்பையில் போடாமல் ஊர் ஊராகக் கொண்டுபோய் வைத்தியம் பார்க்கிறீர்கள். இந்த இரண்டு நாளில் ஒரு நாவலை வாசித்து முடித்திருக்கலாம்."

எனக்குப் பதில்கள் எப்போதும் வீடு வந்து சேர்ந்த பிறகே வாய்க்கின்றன. இது அந்தப் பதில். நண்பருக்கு மட்டுமானது அல்ல. அவர் குரலில் பேசிய நம் எல்லாருக்குமானது. அவர் சொன்னதை முந்தைய ஆண்டுகளில் நானே வேறு சொற்களில் சொல்லியிருக்கிறேன் என்பதையும் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

* * *

லாரி என்றாலும் இரு கைகளில் அடங்கிவிடும் பொருள். அசல் வண்டியில் பன்னிரண்டில் ஒரு பங்கு. ஆனால் அதன் வயிற்றைத் திறந்து பார்த்தவர்கள் அதைப் பொம்மை என்று அலட்சியமாகச் சொல்ல மாட்டார்கள். மோட்டாரின் தண்டில் ஒரு சிறு பினியன். அது 62 பற்கள் கொண்ட பெரிய பல்சக்கரத்தைச் சுற்றுகிறது. அங்கிருந்து ஒரு நடுத்தண்டு முன்னும் பின்னும் ஓடுகிறது. இரு முனைகளிலும் கிரவுன், பினியன், டிஃபரன்ஷியல். வளைவில் வெளிச்சக்கரம் கூடுதல் தூரமும் உள்சக்கரம் குறைந்த தூரமும் ஓட வேண்டும் என்பதால் இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடுவது டிஃபரன்ஷியலின் வேலை. அதிலிருந்து சக்கரங்களுக்கு ஆக்சில்கள். விடியற்காலையில் எங்கள் ஊர்ப் பூச்சந்தைக்கு மல்லிகை மூட்டைகளோடு வரும் வண்டிகளின் அடியில் எது இருக்கிறதோ, ஏறத்தாழ அதுவேதான் இதன் அடியிலும் இருக்கிறது. ஒன்று எஃகு, மற்றது பெரும்பாலும் நைலான். வேறுபாடு அவ்வளவே.

விலை 6,800 ரூபாய். பதின்மூன்று வயதுப் பையன், திருவிழாக் காசு, பிறந்தநாள் காசு எல்லாம் சேர்த்து, மீதிக்கு என்னிடம் வந்து வாங்கியது. ஏழு மாதம் ஓட்டினான். மல்லிகைத் தோட்டங்களுக்கு நடுவிலுள்ள வரப்புகளில் ஏற்றித் தாவவிடுவதுதான் அவனுக்கு ஆனந்தம். ஒருநாள் மாலை கரகரவென்று ஒரு சத்தம். மோட்டார் சுற்றுகிறது, வண்டி நிற்கிறது.

விற்ற கடையில் கேட்டோம். "ஸ்பேர் எல்லாம் வராது சார். புது மாடல் வந்திருக்கு, பாக்கிறீங்களா?" என்றார்கள். தங்கை, "விட்டுத்தள்ளுண்ணே, பரீட்சை வருது" என்றாள். நான் என் பங்குக்கு உடைந்த பற்களின்மேல் பசையை ஊற்றினேன். நைலானில் பசை ஒட்டாது என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது. அரை நிமிடம் ஓடி, பசைக்கட்டி பினியனுக்குள் போய் அடைத்துக்கொண்டது. இலக்கிய வாசகனின் கைத்திறன் அவ்வளவுதான்.

திண்டுக்கல் போனது அதன்பிறகு. சுற்றுவட்டாரத்து நூற்பாலைகளுக்குப் பல்சக்கரம் வெட்டிக்கொடுக்கும் சிறு பட்டறை அது. ஒரு லேத்து, ஒரு மில்லிங் மெஷின், ஒரு டிரில். நடத்துகிறவர் அறுபதைக் கடந்தவர். நாகல் நகரில் பூட்டுப் பட்டறை வைத்திருந்த தகப்பனாரிடம் அரம் பிடிக்கக் கற்றுக்கொண்டு, பிறகு லேத்துக்கு மாறியவர். எங்கள் லாரியைப் பார்த்து அவர் சிரிக்கவில்லை. எதை மாற்ற வேண்டும் என்றும் கேட்கவில்லை. மருமகனைப் பார்த்து, "எப்படிடா ஒடச்ச?" என்றார்.

இந்தக் கேள்வியில்தான் என் கட்டுரை முழுவதும் இருக்கிறது.

அவர் கழன்ற பல்சக்கரத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பல் அடியோடு முறிந்திருந்தால் அடி விழுந்திருக்கிறது என்று பொருள். உருகியும் பொடிந்தும் இருந்தால் இரண்டு சக்கரமும் நெருங்கி உராய்ந்து சூடேறியிருக்கிறது. நுனி மட்டும் சீவப்பட்டிருந்தால் அவை விலகியிருக்கின்றன. பல் பல்லைப் பிடிக்காமல் நுனியில் வழுக்கியிருக்கிறது. எங்களுடையதில் ஏழெட்டுப் பற்களின் நுனி சீவிவிட்டதுபோல் இருந்தது. உடனே மோட்டாரைப் பிடித்திருக்கும் இரண்டு திருகுகளைத் தொட்டுப் பார்த்தார். ஒன்று ஆடியது.

அதோடு அவர் நிறுத்தவில்லை. பின் தண்டின் இணைப்பிலுள்ள சிறு பின் கத்தியால் வெட்டியதுபோல் துண்டாகியிருந்தது. "இது அடி விழுந்தது. மேலருந்து குதிக்க விட்டியா?" பையன் தலையசைத்தான். "குதிக்கும்போது வெரல எடுப்பியா, அமுக்கியே வச்சிருப்பியா?" அமுக்கியே வைத்திருப்பானாம். வண்டி அந்தரத்தில் இருக்கும்போது சக்கரங்களுக்குத் தடை ஏதுமில்லை; வெறிகொண்டு சுழலும். தரையைத் தொட்ட கணத்தில் மண் அவற்றைப் பிடித்து நிறுத்தும். மோட்டார் நிற்க மறுக்கும். அந்தச் சண்டை முழுவதும் ஒரே ஒரு பல்லின்மேல் வந்து விழும். விரலை ஒரு நொடி எடுத்திருந்தால் இந்த உடைப்பே நேர்ந்திராது. ஆக, பழுது பல்சக்கரத்தில் தெரிந்தது. அதன் ஒரு வேர் திருகிலும் மற்றொரு வேர் பையனின் கட்டைவிரலிலும் இருந்தது.

என்னிடம் சற்று அறிவு வந்துவிட்ட உணர்வில், "அண்ணே, இரும்பிலேயே செய்துவிடுங்கள், இனி உடையவே கூடாது" என்றேன். அவர் மறுத்தார்.

"இரும்புல போடலாம். போட்டா அடுத்து கிரவுன் ஒடையும். அது இத்துனூண்டு, அதை என்னால வெட்ட முடியாது. அடி விழுந்தா ஏதாச்சும் ஒண்ணு ஒடையத்தான் செய்யும் சார். லேசா மாத்தக்கூடியது ஒடையட்டும்."

ஓர் அமைப்பில் எது முதலில் தோற்க வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானிப்பது பொறியியலின் மூத்த பாடங்களுள் ஒன்று. வீட்டு மின்சாரத்தில் ஃபியூஸ் கம்பி செய்வது அதைத்தான். பலவீனமான இடத்தை இல்லாமல் ஆக்கிவிட முடியாது, இடம் மாற்றத்தான் முடியும் என்பதை நான் ஐம்பது வயதில் ஒரு பட்டறை முக்காலியில் அமர்ந்து கற்றேன்.

பிறகு வேலை தொடங்கியது. தேயாத பற்களின்மேல் வெர்னியர் வைத்து அளந்தார்: விட்டம் 38.4 மில்லிமீட்டர். பற்கள் 62, அதோடு இரண்டைக் கூட்டினால் 64. வகுத்தால் 0.6. பல்லின் அளவைக் குறிக்கும் எண் அது. அவ்வளவு சின்னப் பல்லுக்கான கட்டர் அவரிடம் இல்லை. ஆகவே ஒரு துண்டு எஃகை, பழைய சக்கரத்தின் நல்ல பல்லிடைவெளிக்குள் சரியாக உட்காரும்வரை சாணையில் தேய்த்துத் தேய்த்து, கட்டரையே அவர் செய்துகொண்டார். ஹைலம் பலகையில் வட்டம் கடைந்தார். டிவைடிங் ஹெட்டில் கைப்பிடியை 40 முறை சுற்றினால் வட்டம் ஒரு முறை சுற்றும். 62 பல் வேண்டுமென்றால் ஒவ்வொரு பல்லுக்கும் 31 துளை வட்டத்தில் 20 துளை நகர்த்த வேண்டும். ஒரு பல், 20 துளை. அடுத்த பல், 20 துளை. 1,240 துளைகளைக் கடந்து வரும்போது, இடையில் எங்கும் எண்ணிக்கை தவறவில்லை என்றால், கத்தி முதல் இடைவெளிக்குள் உரசாமல் இறங்கும். இறங்கியது.

அறுந்த பின்னுக்கு 2 மில்லிமீட்டர் சைக்கிள் போக்ஸ் கம்பியில் ஒரு துண்டு. டிஃபரன்ஷியலில் இருந்த ஆட்டத்தை நீக்க, குளிர்பானத் தகரத்திலிருந்து வெட்டிய ஒரு வளையம். பினியனுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவே ஒரு துண்டுத் தாளை வைத்து நெருக்கி, திருகை முடுக்கி, தாளை உருவி எடுத்தார். அந்தத் தாளின் தடிமன்தான் இரு பற்களுக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளி. கூலி ஐந்நூறு ரூபாய்.

பொம்மைக்கு ஐந்நூறா என்று என் மனம் ஒரு கணம் கணக்குப் போட்டது. அதே வாரத்தில் இன்னும் பிரிக்காத ஒரு மொழிபெயர்ப்பு நாவலுக்கு அறுநூறு கொடுத்திருந்தேன்.

* * *

இப்போது நண்பரின் வாதத்துக்கு வருகிறேன். அது நுகர்வுப் பண்பாட்டின் பண்டம் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நுகர்வு வாங்குவதோடு முடிவதில்லை. எறிவதும் சேர்ந்ததுதான் அது. எறியாத வாடிக்கையாளன் அடுத்ததை வாங்க மாட்டான். ஆகவே ஒரு பண்டத்தை வெறுத்து எறிகிறவனும், அலுத்து எறிகிறவனும் விற்பவனுக்கு ஒரே மாதிரியானவர்கள். "புது மாடல் பாக்கிறீங்களா" என்ற கடைக்காரரும், "குப்பையைக் குப்பையில் போடுங்கள்" என்ற நண்பரும் எதிரெதிர் திசைகளிலிருந்து புறப்பட்டு ஒரே குப்பைமேட்டில் சந்திக்கிறார்கள். நண்பர் இதை யோசிக்க வேண்டும்.

பயனற்ற பொருள் என்ற வாதமும் நிற்காது. கலையும் இலக்கியமும் பயன் கருதியவை அல்ல என்று நாற்பது ஆண்டுகளாகச் சிறுபத்திரிகைகளில் வாதாடிவரும் நாம், ஒரு சிறுவனின் விளையாட்டை மட்டும் பயன் என்ற தராசில் நிறுப்பது முறையா?

உழைப்பை மதிக்கிறோம் என்று சொல்லிக்கொள்ளும் நம் வாசிப்பையும் சற்றுச் சோதித்துப் பார்க்கலாம். சா. கந்தசாமியின் 'சாயாவனம்' நமக்குத் தெரிந்ததே. அந்த நாவலின் பெரும்பகுதி ஒரு வேலை எப்படி நடக்கிறது என்பதே. சிதம்பரம் வனத்தை அழிக்கிறான். எங்கே தொடங்குகிறான், எது தடுக்கிறது, எப்படித் தோற்று எப்படி மீள்கிறான் என்பது பக்கம் பக்கமாக வருகிறது. நம் விவாதங்களிலோ பெரும்பாலும் அது இயற்கைக்கும் நாகரிகத்துக்குமான குறியீடாகச் சுருங்கிவிடுகிறது. திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலாளர்களை எழுதிய டி. செல்வராஜின் 'தோல்' 2012இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. அதன் அரசியலைப் பேசினோம், பேச வேண்டியதே. ஆனால் ஒரு தோல் எப்படிப் பதமாகிறது என்று அறிந்துகொள்ள நம்மில் எத்தனைபேர் ஆசைப்பட்டோம்? கையால் செய்யும் வேலையின்மீது நமக்கு இரக்கம் இருக்கிறது, கோபமும் இருக்கிறது. ஆர்வம்தான் இல்லை. ஆர்வமில்லாத இரக்கம் ஒருவகை மேட்டிமை என்றே இப்போது எனக்குத் தோன்றுகிறது.

உடைந்த பல்லை வெளிச்சத்தில் பிடித்து அந்த மனிதர் செய்தது வாசிப்பு. நுனியா அடியா, வழுக்கலா முறிவா என்று பிரித்து, தடயத்திலிருந்து காரணத்துக்குப் போய், அங்கிருந்து ஓட்டியவனின் பழக்கத்துக்கே போய்ச் சேர்ந்தார். நாம் ஒரு பிரதியில் செய்ய விரும்புவதும், அரிதாகவே செய்து முடிப்பதும் இதுவே. அவருடைய வாசிப்பில் பிழை இருந்தால் வண்டி ஓடாது. நம்முடையதில் பிழை இருந்தால் அடுத்த இதழில் எதிர்வினை வரும், அவ்வளவுதான்.

* * *

இனி, உண்மையான எதிராளி.

புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார், அதியமானின் மகன் பொகுட்டெழினியை உப்பு வணிகர் வண்டியின் அடியில் கட்டிவைத்திருக்கும் சேம அச்சுக்கு ஒப்பிடுகிறார். மேடும் பள்ளமுமான வழியில் அச்சு முறியும் என்பது உமணருக்குத் தெரியும். ஆகவே மாற்று அச்சை வண்டியோடு கட்டிக்கொண்டே கிளம்பினார்கள். ஒரு தலைவனைப் புகழ உதிரி பாகத்தை உவமையாக்கும் துணிவு அக்கவிக்கு இருந்தது. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்து, 6,800 ரூபாய் வண்டியை விற்கிறவர்கள் மாற்றுப் பல்சக்கரம் ஒன்றைக் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள். விற்காமலேனும் போகட்டும், அதன் அளவையாவது ஒரு தாளில் அச்சிட்டுத் தருகிறார்களா? கிடையாது. 0.6 என்ற ஒரே ஓர் எண். அதை எங்களுக்குச் சொல்ல ஒரு மனிதர் வெர்னியர் பிடிக்க வேண்டியிருந்தது.

இது தொழில்நுட்பத்தின் இயல்பல்ல, வணிகத்தின் தேர்வு. ஜப்பானில் ஷிசுவோகாவைச் சேர்ந்த தமியா நிறுவனம் தன் ரிமோட் வண்டிகளைப் பிரித்த பாகங்களாகவே விற்றுப் புகழ்பெற்றது. வாங்குகிறவனே கோக்க வேண்டும். கையேட்டில் ஒவ்வொரு திருகுக்கும் படமும் எண்ணும் உண்டு. 1987இல் வந்த அவர்களுடைய க்ளாட் பஸ்டர் என்ற ராட்சத டிரக் பின்னாளில் திரும்பத் திரும்ப வெளியிடப்பட்டது. 1984இன் ஹார்னெட் 2004இல் மறுபடி வந்தது. கோக்கத் தெரிந்தவனுக்குப் பிரிக்கத் தெரியும். பிரிக்கத் தெரிந்தவன் எறிய யோசிப்பான்.

பொம்மையோடு நிற்கும் விஷயமும் அல்ல இது. உதிரி பாகங்களையும் பழுதுபார்க்கும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்ததற்காக, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்கான குழு ஒன்றை ஒன்றிய அரசு அமைத்தது. அவ்வாண்டு டிசம்பர் 24 அன்று அதற்கான இணையவாசலையும் திறந்தது. வேளாண் கருவிகள், கைபேசி உள்ளிட்ட மின்னணுப் பொருட்கள், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் ஆகிய நான்கு துறைகள் அதில் அடங்கும்.

பொம்மைகளுக்கும் சட்டம் உண்டு. 14 வயதுக்குட்பட்டோர் விளையாடும் பொம்மைகளுக்குத் தரமுத்திரையைக் கட்டாயமாக்கும் 2020ஆம் ஆண்டு ஆணை, 2021 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இறக்குமதி வரி 2020இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் உயர்ந்தது. கூர்முனை கூடாது, நச்சுச் சாயம் கூடாது என்பதெல்லாம் நல்லதே. ஆனால் பாதுகாப்பான ஒன்று உடைந்தால் என்ன செய்வது என்ற கேள்வி அங்கே கேட்கப்படவில்லை. நான் கேட்பது அதிகமில்லை. பாகங்களைப் பிரித்துக் காட்டும் ஒரு படம், ஒவ்வொரு பல்சக்கரத்துக்கும் பல் எண்ணிக்கையும் அளவும், விற்பனை நின்ற பிறகும் சில ஆண்டுகளுக்கு உதிரி பாகம், பசையிட்டு ஒட்டாமல் திருகால் மூடிய பெட்டி. இந்த நான்கையும் பொம்மைக்கான தரத்தோடு சேர்த்துவிட வேண்டும்.

பொம்மைக்குப் போய் சட்டமா என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல். மனிதர் எறியக் கற்பதும் பழுதுபார்க்கக் கற்பதும் பொம்மையில்தான். மூடிய பெட்டியோடு வளர்ந்த பிள்ளை, நாளை தன் டிராக்டரும் தன் கைபேசியும் மூடிய பெட்டியாக வரும்போது அதை இயற்கை நியதி என்றே எண்ணும்.

* * *

திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நாம் மகிழ்ந்தோம், பெருமைப்பட்டோம். நெம்புகோல்களை ஒவ்வொன்றாகக் கையால் அராவிப் பொருத்தும் அந்தத் தொழில், அலிகாரிலிருந்து வரும் எந்திரப் பூட்டுகளின் முன்னே தேய்ந்து வெகுகாலமாகிறது. குறியீடு பெயரைக் காக்கும். அரம் பிடிக்கும் கையை அதனால் காக்க முடியாது. அடுத்தவர் ஒருவர் வந்து அதைக் கற்றுக்கொண்டால்தான் உண்டு.

எங்கள் பல்சக்கரத்தை வெட்டியவருக்கு வாரிசாகத் தொழில் கற்றவர் யாருமில்லை. மகன் வெளியூரில் கணக்கு எழுதுகிறார். தனக்குப் பிறகு மில்லிங் மெஷின் எடைக்குத்தான் போகும் என்று வருத்தமே இல்லாத குரலில் சொன்னார். வரும் வழியில் மருமகன், ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போகலாமா என்று கேட்டான். வீட்டில் அதைச் சொன்னபோது தங்கை பொங்கிவிட்டாள்.

"லேத்துப் பட்டறைக்கு அனுப்பவாண்ணே இவ்வளவு ஃபீஸ் கட்டிப் படிக்க வைக்கிறோம்?"

அவளைக் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை. அவள் சொன்னதும் கூடுகையில் நண்பர் சொன்னதும் ஒன்றே. நண்பரிடம் அது கோட்பாட்டின் மொழியில் வந்தது, அவளிடம் வீட்டு மொழியில்.

கடைசியில் மாதம் ஒரு ஞாயிறு என்று ஒப்புக்கொள்ள வைத்தேன். போன ஞாயிறு முதல் முறை. பெரியவர் ஒரு ஹைலம் வட்டத்தை மாட்டி, கைப்பிடியைப் பையனிடமே கொடுத்து, "இருபது எண்ணு" என்றார். நாற்பத்தோராவது பல்லில் பத்தொன்பது எண்ணிவிட்டான். அவன் அதை அறியவில்லை. கடைசிப் பல்லின் தடிமன் மற்றவற்றோடு ஒத்துவராதபோதுதான் தெரிந்தது. முகம் சுருங்கிப்போய் அதைக் குப்பைக்கூடையில் போடப் போனான்.

"போடாத. எந்தப் பல்லுல தப்பு பண்ணுனன்னு வீட்டுல வச்சு எண்ணிப் பாரு" என்றார் பெரியவர்.

இரண்டு நாள் எண்ணி, நாற்பத்தொன்று என்று கண்டுபிடித்து அதில் மையால் ஒரு புள்ளி வைத்திருக்கிறான். அந்தச் சக்கரத்தை இரவல் கேட்டிருக்கிறேன். அடுத்த கூடுகைக்குக் கொண்டுவருவேன். நண்பர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, அதன்பிறகு எது குப்பை என்று சொல்லட்டும்.